முதல் பரிசு உயிரோடு இருக்கிறது

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்கழி 12, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

தாமல் மாந்தோப்பில் மனைவி மக்களோடும் மாடு கன்றுகளோடும் சௌக்கியமாக இருக்கும் என் அருமை மைத்துனன் யுவராஜுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் அபிநந்தன் எழுதிக்கொள்வது. அருகன் அருளால் நானும் உன் அக்கா திரிசலாவும் நலம். உன் நலத்தையும், உன் சம்சாரத்தின் முழங்கால் நலத்தையும், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அறிய ஆவல்.

மரியாதைகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். விஷயம் அவசரம். நேற்று போனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வான்கோழி இருக்கிறது என்று நான் சொன்னதும் நீ சிரிக்க ஆரம்பித்தாய். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முழுதாக மூன்று நிமிடம் சிரித்தாய், பிறகு மூச்சு வாங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். போனில் சிரித்துத் தப்பிக்கலாம், கடிதத்தில் முடியாது. எத்தனை முறை சிரித்தாலும் அடுத்த வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே எழுதுகிறேன். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை உன் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு, பின்னால் நிறைய வைக்கோல் பரப்பிக்கொண்டு, இங்கே வா. ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு விமல்ராஜை உனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், அவர்கள் சர்ச் கமிட்டிக்குச் செயலாளர். கார்த்திகைக் கடைசியில் ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தான். கிறிஸ்துமஸ் பற்றிய பொது அறிவுப் போட்டி, எந்த மதத்தவரும் கலந்துகொள்ளலாம், முதல் பரிசு ஆச்சரியப் பரிசு, இரண்டாம் பரிசு ஐந்து லிட்டர் குக்கர் என்று போட்டிருந்தது. சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கொடுத்தான். ஆனால் பொது அறிவு என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் நான் புரோகிதரிடம் நாதஸ்வரத்துக்கு எத்தனை துளை என்று கேட்டவன். அன்று மாலையே விமல்ராஜிடம் பைபிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மத்தேயுவையும் லூக்காவையும் சத்தம் போட்டு வாசித்தேன், சத்தம் போட்டால்தான் எனக்கு மனசில் நிற்கும். மூன்றாம் நாள் திரிசலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஞானஸ்நானம் எடுக்கிற எண்ணம் ஏதாவது இருந்தால் தன்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடும்படி கேட்டாள். போட்டிக்காகத்தான் என்றேன். அதற்கு இவ்வளவு சந்தோஷமாகவா படிப்பார்கள் என்றாள்.

சந்தோஷம்தான் யுவராஜ், பொய் சொல்வானேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து டிசம்பர் மாதம் எனக்கு வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் டிசம்பர் என்றால் எங்கள் பிரிப்பு அறையில் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். அதில் பாதி அட்டைகளில் சிவப்பு நெஞ்சோடு ஒரு குருவி இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் விசாரித்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்துத் தபால்காரர்களுக்குச் சிவப்புச் சட்டை சீருடை, அதனால் அவர்களுக்கே ராபின் குருவி என்று செல்லப் பெயர், வாழ்த்து அட்டையில் இருக்கும் குருவி உண்மையில் தபால்காரன்தான் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு உடம்பு புல்லரித்தது. அதிலிருந்து இந்தப் பண்டிகைமேல் எனக்கு ஒரு சொந்தம்.

மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்குப் போட்டி. நாற்பது பேர் வந்திருந்தார்கள், நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். விமல்ராஜ்தான் மேடையில் கேள்வி கேட்டான். எக்ஸ்மஸ் என்று எழுதுகிறார்களே, அந்த எக்ஸ் என்ன? கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற சொல்லின் முதல் எழுத்து. ஜனவரி ஏழாம் தேதி கிறிஸ்துமஸ் கொண்டாடும் நாடு ஒன்று? எத்தியோப்பியா. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான நிக்கோலாஸ் பேராயர் எந்த நாட்டுக்காரர்? இன்றைய துருக்கி. நான் எழுந்து எழுந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். நட்சத்திரத்தைப் பின்பற்றி வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று கேட்டபோது ஹால் முழுக்க மூன்று பேர் என்று கத்தியது. நான் மட்டும் கையைத் தூக்கி, மத்தேயு காணிக்கை மூன்று என்றுதான் எழுதியிருக்கிறார், பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம், ஆட்கள் எத்தனை என்று எண்ணிக்கை கொடுக்கவே இல்லை என்றேன். முன்வரிசையில் இருந்த போதகர் ஐயா திரும்பி யார் என்று பார்த்தார்.

கடைசியில் நானும் யாழினி என்ற பெண்ணும் சமமாக நின்றோம். யாழினி அவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியை, போன நான்கு வருஷமும் அவள்தான் முதல் பரிசு. முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்காகக் கனடா நாட்டுத் தபால் துறை ஒதுக்கியிருக்கும் பின்கோடு என்ன? யுவராஜ், முப்பத்தாறு வருஷம் ஒருவன் பின்கோடு பார்த்துக் கண் கெட்டுப் போனது எதற்கு என்று நீ ஒருநாள் கேட்டாய். இதற்குத்தான். எச் ஓ எச், ஓ எச் ஓ, அதில் ஓ என்று வருவது எழுத்தில்லை, பூஜ்யம், சேர்த்துப் படித்தால் தாத்தா ஹோ ஹோ ஹோ என்று சிரிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. யாழினியே எழுந்து நின்று தட்டினாள்.

ஆச்சரியப் பரிசைச் சிவப்புக் காகிதம் சுற்றிய பெரிய மூங்கில் கூடையில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிக்ஸியாக இருக்கும் என்று நினைத்தேன். காகிதம் அசைந்தது. மிக்ஸி அசையாதே என்று யோசிப்பதற்குள் ஒரு தலை கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நீலத் தலை, கழுத்தில் சிவப்புச் சதை, மூக்கின்மேல் ஒரு தும்பிக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் கைதட்டிய சத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல் அது குளுகுளுகுளு என்று கத்தியது. நல்ல எடை, ஏழு கிலோ தேறும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர்கள் அதை எடையாகத்தான் பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விமல்ராஜின் முகம் வெளுத்துவிட்டது. பரிசை வாங்கியபோது ஜெயிக்கப் போவது புலால் தொடாத ஒரு சமண நயினார் என்று அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தான்.

"சார், சங்கடப்படாதீங்க. உங்களுக்கு இது ஆகாதுன்னு தெரியும். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே எங்க சர்ச் ஹாஸ்டல் பசங்களுக்கு பிரியாணி போட்டுடறோம். யாழினிகிட்ட பேசி குக்கரை உங்களுக்கே வாங்கித் தர்றேன், எடுத்துக்கினு போங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். நானும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அந்தப் பறவை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று நான் சொல்கிற அந்த ஒரு வார்த்தைதான் அதன் கழுத்துக்குக் கத்தி என்று புரிந்தது. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் குடும்பத்தில் பிறந்தவன், பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு தொடாதவன், மேடையில் நின்று ஒரு வார்த்தையால் கொலை செய்வதா? கூடையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, ரொம்ப நன்றி, எனக்கு வான்கோழி என்றால் உயிர் என்று மைக்கில் சொல்லிவிட்டேன். சபையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திரிசலா வாசலில் நின்றாள். கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நடந்தது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குக்கர் ரெண்டாவது பரிசாமே" என்றாள். "ஒரே ஒரு கேள்விக்குத் தப்பா சொல்லியிருந்தா என்ன?"

நான் கூடையோடு நேராக மாடிக்கு ஏறினேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினோம். முறத்தில் கேழ்வரகும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் வைத்தாள், நன்றாகவே சாப்பிட்டது. மறுநாள் காலையில்தான் முதல் இடி விழுந்தது. மார்கழி பிறந்தது, தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பாவையைத் தொடங்கியது, மாடியிலிருந்து இது அடிக்கு அடி குளுகுளுகுளு என்று பதில் கொடுத்தது. உரத்த சத்தம் எது கேட்டாலும் கூடச் சேர்ந்து கத்துவது ஆண் வான்கோழியின் இயல்பாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெருவில் எல்லாரும் ஜன்னலைத் திறந்து எங்கள் மாடியைப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய இடி தர்ம சங்கடமாக வந்தது. உன் அக்கா தினமும் காலையில் எறும்புக்கென்று அரிசி மாவில் கோலம் போடுகிறவள் அல்லவா? வான்கோழிப் பயலை வெயில் காயட்டும் என்று கீழே இறக்கிவிட்டோம். எறும்புகள் கோலத்தைத் தின்ன வந்தன, இது எறும்புகளைத் தின்ன வந்தது. திரிசலா அலறிக்கொண்டு துடைப்பத்தோடு ஓடினாள். ஓர் உயிரைக் காப்பாற்ற வீட்டுக்குக் கொண்டுவந்து, தினம் நூறு உயிரை அதற்கு நாமே விருந்து வைத்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று என்னைக் கேட்டாள். திருப்பருத்திக்குன்றம் கோயிலில் ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர், பறவையின் பாவம் பறவைக்கு, கோலத்தை மட்டும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து உன் அக்கா எறும்புக் கோலத்தைப் பின்கட்டில் போடுகிறாள், தெரு வாசல் வெறும் வாசலாகக் கிடக்கிறது, மார்கழி மாசத்தில், அதையும் தெரு பார்க்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு விமல்ராஜின் சர்ச் ஆட்கள் கீதம் பாடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்னால் ஒருவர் டிரம் அடிக்க, நடுவில் விமல்ராஜ் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் வயிற்றில் தலையணையுமாக ஆடிக்கொண்டு வந்தான். நான் வெற்றியாளன் அல்லவா, பரிசை எல்லாரும் பார்க்கட்டும் என்று மாடிக் கதவைத் திறந்துவைத்திருந்தேன். மிட்டாய் கொடுக்கத் தாத்தா மாடிக்கே ஏறி வந்தார். டிரம் சத்தமும் அந்தச் சிவப்பும் சேர்ந்து பயலுக்கு என்ன தோன்றியதோ, வாலை விசிறி மாதிரி விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு நேராகப் பாய்ந்தது. பஞ்சுத் தாடியில் பாதி இரண்டு கொத்தில் போய்விட்டது. தாத்தா தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே தெருவில் பாடிக்கொண்டிருந்தவர்கள் இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து இன்னும் வேகமாக டிரம் அடித்தார்கள். நான்தான் துணிந்து போய்த் துண்டை வீசிப் பயலைப் பிடித்தேன். விமல்ராஜ் இறங்கிப் போகும்போது முகத்தில் பாதித் தாடிதான் இருந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் சிரிப்புக்கு உரியதுதான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் நடந்தது அப்படி அல்ல. நான்கு வீடு தள்ளி இருக்கும் நெசவாளி கந்தன் அன்று காலை தறியில் ஏற்றுவதற்கான பாவைத் தெருவில் விரித்திருந்தான். தெரு நீளத்துக்கும் அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள், இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆயிரக்கணக்கான இழைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. தை முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் புடவை, பொங்கலுக்குள் நெய்து கொடுக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கி திடீரென்று கரகரத்தது, பயல் மாடியிலிருந்து சன்ஷேடுக்கு, சன்ஷேடிலிருந்து தெருவுக்குப் பறந்தது. வான்கோழி பறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாவின் நடுவே போய் விழுந்து, கால் சிக்கி, பயந்து உதறி உதறி, கந்தனும் அவன் மனைவி துளசியும் ஓடிவந்து பிடிப்பதற்குள் ஒரு முழ அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. கந்தன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறுந்த இழைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தேடுகிறவன்போல் நின்றான்.

பட்டுப்பூச்சியைக் கொன்று எடுப்பது என்பதால் பன்னிரண்டு வருஷமாக உன் அக்கா பட்டைத் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு உன் மகள் கல்யாணத்துக்கே நூல் புடவையில் வந்தவள். அன்று அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ப் பாவின் பக்கத்தில் தெருவில் உட்கார்ந்தாள்.

கந்தன் பதறிப் போனான். "அக்கா, நீங்க பட்டைத் தொடமாட்டீங்களே. வேணாம்கா, நாங்க பார்த்துக்கறோம்."

"கட்டமாட்டேன்னுதான் சொல்லியிருக்கேம்பா" என்றாள் திரிசலா. "அறுந்ததைச் சேக்கறதுக்கு எந்த விரதமும் தடை இல்ல. எப்படி முடி போடறதுன்னு மட்டும் சொல்லிக் குடு."

அந்த நாளும் மறுநாளும் துளசியோடு உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக முடிபோட்டாள். தெருப் பெண்கள் ஆறேழு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நானும் கூடவே உட்கார்ந்து பெரும்பகுதியை முடித்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பாவு மறுபடி இழுத்துக் கட்டினபோது ஓர் இழைகூடத் தொய்யவில்லை. எழுந்து வந்த திரிசலா மாடியைப் பார்த்து, இது இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, விமல்ராஜ் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், கமிட்டில பேசிக்கினாங்க. நாளைக்கு சபைல எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இருக்குது. நீங்க சாப்பிடப் போறதில்ல, வளர்க்கறதுக்கு எடமும் இல்ல, கந்தன் பாவு வேற போச்சு. திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி. நான் வந்து கேட்கறது எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது."

நான் திரிசலாவைப் பார்த்தேன். எட்டு நாளாக அதை அனுப்பு அனுப்பு என்று என் உயிரை எடுத்தவள், இப்போது கொடுத்துவிடுங்கள் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தோப்புக்கு அனுப்புவேன், சத்திரத்துக்கு அனுப்புவேன். கத்திக்கு அனுப்பமாட்டேம்பா" என்றாள். விமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு போனான். தாடி பிடுங்கப்பட்டதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசாததுதான் என்னை வாட்டியது. பதினெட்டு வருஷம் பக்கத்து வீடு. அவன் கமிட்டிக்கு என்ன பதில் சொல்வான்?

மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டிக்குக் குறிப்பெடுத்த நோட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் நானே எழுதி, போட்டியில் யாரும் கேட்காமல் போன ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் குடிலை அமைத்தது அசிசி ஊர் பிரான்சிஸ், 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் ஒரு மலைக்கிராமம், பொம்மைகள் அல்ல, உயிருள்ள மாடும் கழுதையும். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினேன். அங்கே வாசலில் யாழினி பிள்ளைகளோடு மூங்கிலும் வைக்கோலும் வைத்துக் குடில் கட்டிக்கொண்டிருந்தாள், போதகர் ஐயா பக்கத்தில் நின்றார். இந்த வருஷம் உயிருள்ள குடில் வையுங்கள், என் வான்கோழியைத் தருகிறேன், சாப்பாட்டுக்கு அல்ல, குடிலுக்கு என்றேன்.

யாழினி ஒத்துக்கொள்ளவில்லை. "சார், வான்கோழி அமெரிக்கப் பறவை. இயேசு பொறந்தப்ப பெத்லகேம்ல யாரும் அதைக் கண்ணால பார்த்ததே கிடையாது."

அவள் சொன்னது உண்மை. அந்தப் பறவையின் விதியே அதுதான் யுவராஜ். ஆங்கிலேயன் அதைத் துருக்கி என்கிறான், துருக்கிக்காரன் அதை இந்தியா என்கிறான், நாம் வானத்தைக் கைகாட்டி வான்கோழி என்கிறோம், பிறந்ததோ அமெரிக்கா. எந்த ஊரும் தன் பிள்ளை என்று ஒத்துக்கொள்ளாத ஜீவன். இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. "சரிம்மா. மாடும் கழுதையும் அங்க இருந்துச்சுன்னு லூக்கால எந்த வசனத்துல இருக்குது, காட்டு" என்றேன்.

யாழினி பைபிளை எடுத்தாள். இரண்டாம் அதிகாரத்தை இரண்டு முறை விரல் வைத்துப் படித்தாள். குழந்தையைக் கிடத்திய முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, இருந்தது, மேய்ப்பர்கள் இருந்தார்கள், மாடு இல்லை, கழுதையும் இல்லை. நேர்மையான பெண், மூடிவிட்டு, இல்ல சார் என்றாள். பக்கத்தில் நின்ற போதகர் ஐயா சிரித்துவிட்டார்.

"இயேசுவோட அம்மாவைச் சத்திரத்துல எடம் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புனாங்க, அங்கதான் அந்தக் கதையே ஆரம்பிக்குது" என்றார். "நாமளும் அதையே சொன்னா நல்லாயிருக்காது. கொண்டாங்க சார்." பிறகு விமல்ராஜைப் போனில் கூப்பிட்டு, குடிலில் நிற்பது குண்டானில் இறங்காது, கமிட்டியிடம் சொல்லிவிடு என்றார். நான் அந்த இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை அங்கே போய்ப் பார்த்தால் குடிலில் ஒரு கன்றுக்குட்டியும் நிற்கிறது. கந்தனுடையது. யார் சொல்லி என்று கேட்டதற்கு, உங்க கோழி தனியா நிக்கப்போகுதுன்னு கேள்விப்பட்டேன் சார் என்று மட்டும் சொன்னான். ஆராதனை தொடங்கியது. உள்ளே சபை முழுவதும் ஆமென் என்று சொல்லும்போதெல்லாம் வெளியே இவன் குளுகுளுகுளு என்று சேர்ந்து சொன்னான். முதல் முறை பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். நான்காவது முறை போதகரே பிரசங்கத்தை நிறுத்தி, அவருக்கும் சம்மதமாம் என்றார், சபையே சிரித்தது. ஆராதனை முடிந்து விமல்ராஜ் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முட்டை சேர்க்காமல் தனியாகச் செய்யச் சொன்ன கேக் ஒன்றைத் திரிசலாவிடம் கொடுத்தான். அடுத்த வருஷம் கேள்வி கேட்பது நீங்கள்தான், போட்டியில் கலந்துகொள்ள விடமாட்டோம் என்றான். இவ்வளவு சந்தோஷமான ஒரு பண்டிகை எனக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஆனால் பண்டிகை முடிந்தது, பயல் மாடிக்குத் திரும்பி வந்துவிட்டான். திங்கட்கிழமை எதிர்வீட்டார் பாவு விரிக்கிறார்கள். கேள்விப்பட்ட பிள்ளைகள் எல்லாம் அவனைப் பார்க்க வருகிறார்கள், வந்து ஆமென் சொல்கிறார்கள், அவன் கத்துகிறான். உன் தோப்பில் நிழல் உண்டு, ஏரித் தண்ணீர் உண்டு, பட்டு கிடையாது. நீயும் நம்ம ஆள், கறிக்கடைக்குக் கொடுத்துவிடுவாய் என்ற பயம் இல்லை. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வண்டியோடு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போ. இதை என் வேண்டுகோளாகவும் உன் அக்காவின் உத்தரவாகவும் எடுத்துக்கொள். இன்று மாலை கிளம்பும் தபால் கட்டில் சேர்த்தால் நாளை பதினோரு மணிக்கு உன் கையில் இருக்கும், தபால் துறையை நான் நம்புகிறேன்.

உன் சம்சாரத்துக்கு எங்கள் விசாரிப்புகள். பிள்ளைகளுக்கு ஆசிகள். மாடு கன்று பெருகி, மாமரம் பூத்து, முழங்கால் வலி குறைந்து, எல்லாரும் நீடூழி வாழ இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் அருள்வார்களாக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
அபிநந்தன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் உன் அக்கா கடிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டுச் சில திருத்தங்களைச் சொல்லி, எழுதினால்தான் மத்தியானச் சாப்பாடு என்கிறாள். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தது விமல்ராஜ் அல்ல, நான். துண்டை வீசிப் பிடித்தவன் விமல்ராஜ், பாதித் தாடியோடு. பாவில் நான் போட்டது மொத்தம் நான்கு முடி, நான்கையும் துளசி அவிழ்த்து மறுபடி போட்டாள். அவளுடைய உத்தரவு என்று நான் எழுதியிருக்கிறேனே, அப்படி ஓர் உத்தரவை அவள் கொடுக்கவே இல்லையாம். இப்போது அவளே மாடிக்குப் போய், அவனுக்குப் பொட்டுக்கடலை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள், இங்கே வரை கேட்கிறது. வான்கோழி தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று யாழினி போனில் சொன்னாளாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, ஆனால் இங்கிருந்து எதையும் ஏற்றிக்கொண்டு போக அல்ல. உங்கள் பக்கத்தில் யாராவது வான்கோழி வளர்க்கிறார்களா என்று விசாரித்து, நல்ல குணமுள்ள பெட்டை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வா.